வீடு யாருடைய பெயரில்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையவேயில்லை. மண் சரிந்து வீடிழந்தவர்கள் பாடசாலைகளில் பாய் விரித்திருந்தார்கள். முழுதாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்த செய்தி ஒருநாள் போனது. "அல்லாஹ், அந்தச் சனத்துக்கு ஒரு வழி பிறக்கட்டும்" என்றேன். பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த தாத்தா தலை நிமிரவில்லை.

"யாருட பேர்ல எழுதுவாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

(தாத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. வேறு ஊர் வாசகியர் பாட்டனார் என்று எண்ணிவிடக் கூடாது.)

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருபது வருடங்கள் இருக்கின்றன. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை இதுவரை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தமுமாக இருந்த ஊர். வாப்பா சாறன் நெய்தார். உம்மா நூல் சுற்றினார். தாத்தா வயதுக்கு வந்த வருடம் வாப்பா முதல் லோடு கல் இறக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் கணக்கும் கல்லில்தான். பெருநாளுக்குச் சட்டை கேட்டால், "அது எத்தனை கல்லு தெரியுமா?" என்பார் உம்மா. 1990இல் வேலை நின்றது. நூல் வரவில்லை, பாதையும் இல்லை. வயலுக்குப் போன என் மாமா ஒருவர் திரும்பி வரவேயில்லை. பிறகு மெல்ல மெல்லச் சுவர் எழும்பியது. 1997இல் ஓடு போட்டு, சீமெந்து பூசி, தாத்தாவின் பெயரில் சீதன உறுதி எழுதி, மாப்பிள்ளை எடுத்தோம். வாப்பாவும் உம்மாவும் நானும் பின்வளவில் ஒரு கொட்டிலுக்கு மாறிக்கொண்டோம்.

இது எங்கள் குடும்பத்தின் கதை மட்டுமல்ல. பொத்துவில் தொடக்கம் மட்டக்களப்பு வரை இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்பதும் தாய் வழியாகத்தான் வரும். இதில் தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு கிடையாது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் அக்கரைப்பற்றிலும் இதே வழக்கம்தான். அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதைப் பற்றி 2008இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டிருக்கிறார். நமக்கு நம் உம்மம்மாமார் சொல்லித் தந்ததை அவர் புத்தகமாக எழுதிவிட்டார், அவ்வளவுதான். இந்த வழக்கத்தில் குடும்பம் முறிந்தால், சட்டையை மாட்டிக்கொண்டு படலையைத் திறந்து வெளியே போகிறவர் மாப்பிள்ளைதான். பெண்ணும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருப்பார்கள். அடுப்பு எரியாத நாளிலும் கூரை இருக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குள் அந்தக் கூரை போய்விட்டது. உம்மாவும் போய்விட்டார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மவுத்தானார்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் கை வராது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையும் இல்லை.

எனக்கு அப்போது 21 வயது. ஏ.எல். எடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். பாடசாலை முகாமில் வைத்துப் படிவம் நிரப்ப ஆள் தேடியபோது எல்லோரும் என்னைக் காட்டினார்கள். ஒரு மேசையும் கதிரையும் தந்தார்கள். உம்மாவை அடக்கிப் பத்து நாள் ஆகவில்லை. எழுதிக்கொண்டிருந்தால் அழுகை வராது என்பதால் காலை முதல் மஃரிப் வரை எழுதினேன்.

படிவத்தின் முதல் வரி "குடும்பத் தலைவர் பெயர்". அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பிறகு தொழில், அங்கத்தவர் எண்ணிக்கை, வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா. அழிந்த வீடு யாருடையது என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூட இருக்கவில்லை.

வரிசையில் வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். கணவரின் பெயரை வாயால் சொல்லக் கூச்சப்பட்டு அவரின் அடையாள அட்டையை நீட்டுவார்கள். "உங்கட அட்டை?" என்று கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். ஆண்களின் அட்டை சேட் பொக்கெற்றில் இருந்தது. பெண்களின் அட்டை அலுமாரியில், உறுதியோடும் நகையோடும் பத்திரமாக இருந்தது. பத்திரமாக வைத்ததெல்லாம் கடலோடு போனது. கையில் இருந்த அட்டையின் இலக்கம் எதுவோ அதை எழுதினேன். தாத்தாவின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் மச்சானின் பெயரைப் பிழையில்லாமல், அழகாக எழுதினேன். என் கை ஒரு கணம் கூடத் தயங்கவில்லை.

ஒரே ஒரு பெண் என் பேனாவை நிறுத்தினார். பின்னொரு நாள் கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தேன். பாண்டிருப்பிலிருந்து வந்த ஓர் அக்கா. கணவரை 1990 ஜூன் மாதம் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. மேசைக்குப் பின்னால் நின்ற உத்தியோகத்தர், "அப்ப மகன்ட பேரப் போடுங்க" என்றார். மகனுக்கு அப்போது பதினைந்தோ பதினாறோ. தம்பியாரின் பிள்ளையை எடுத்து வளர்த்தவர். அக்கா அசையவில்லை.

"பதினாலு வருசம் நான்தான் உழைச்சன். அம்மா எனக்குத் தந்த வளவு. நான் இருக்கிறன்தானே தங்கச்சி, என்ட பேரை எழுதுங்க."

எழுதினேன். அவர் பிடிவாதக்காரி என்று அப்போது நினைத்தேன். பாவம், புருஷன் இல்லாததால் இப்படிப் பேசுகிறார் என்றும் நினைத்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த அக்காவுக்குக் கிடைத்த வீடு அவருடைய பெயரிலேயே கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கணவன் பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கிடைக்காதது, கணவனைத் தேடிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கிடைத்தது.

கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். பிறகு எங்கள் பக்கத்தில் அது 65 மீற்றர் ஆனது. தாத்தாவின் பழைய வளவு அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. சில வருடங்கள் தகரக் கொட்டிலில் இருந்த பிறகு ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. பத்திரம் மச்சானின் பெயரில் வந்தது. நாங்கள் யாரும் அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டைப் பார்த்தோம், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தோம். வாப்பா மட்டும் பத்திரத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மடித்துக் கொடுத்தார். பதினொரு வருடத்துக்குள் அவர் தறியில் எத்தனை ஆயிரம் சாறன் இறக்கியிருப்பார்!

2013இல் மச்சான் இன்னொரு காவின் எழுதினார். வந்தவளுக்கு வீடு இல்லை. அவளுடைய உம்மா வாப்பாவால் ஒரு சுவர்கூட எழுப்ப முடியவில்லை. அதனால் அவர் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தார். ஆமாம், தன் வீட்டுக்கு. ஊரில் பெரியவர்களிடம் போனோம். விசாரித்தவர்கள் பிள்ளைகளின் தாபரிப்பைப் பற்றிப் பேசினார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டபோது, "பத்திரம் அவருட பேர்லதானே இரிக்கி" என்றார் ஒருவர். தாத்தா மூன்று மாதம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பிள்ளைகளோடும் ஒரு தையல் மெசினோடும் என் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டார். படலையைத் திறந்து வெளியே வந்தது பெண்.

மச்சான் கொடியவர் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். சுனாமி அன்று தாத்தாவின் இளைய பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியவர் அவர்தான். பழைய வீடு இருந்திருந்தால் அவருக்கு அப்படி நடக்கத் துணிவு வந்திருக்காது. அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது ஒரு காகிதம். அந்தக் காகிதத்துக்கு முதல் எழுத்து என்னுடையது.

தாத்தா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரே ஒரு தரம், பிள்ளைகளின் பாடசாலைப் படிவத்தை நான் நிரப்பப் போனபோது, "வெச்சிரு புள்ள, நான் எழுதுறன்" என்றார்.

அதன் பிறகுதான் சட்டங்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். "குடும்பத் தலைவர்" ஆண்தான் என்று நம் நாட்டில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது அலுவலகங்களின் பழக்கம், படிவங்களின் பழக்கம். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது என்றே சொல்கிறது. ஆனால் அரசாங்கக் காணியைப் பகிர்ந்தளிக்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்திருந்தது. சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பிலும் நமது மாவட்டத்திலும் பெண்கள் அமைப்புகள், வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டன. ஓர் அளிப்புக்கு ஒரு பெயர்தான் என்பது அலுவலகங்களில் கிடைத்த வழமையான பதில். ஆணை முன்னால் வைத்த அந்த வாரிசு வரிசை 2022இல்தான் திருத்தப்பட்டது. 1935 எங்கே, 2022 எங்கே!

இன்னொன்றையும் வாசித்து ஆச்சரியப்பட்டேன். அந்தக் கடல் கிளம்பியது இந்தோனேசியாவின் ஆச்சே கரைக்குப் பக்கத்தில். அங்கேயும் நம்மைப்போல முஸ்லிம் சனம்தான். அங்கேயும் மகளுக்குக் கலியாணமானால் உம்மா வாப்பா வீடு கொடுக்கிற வழக்கம். அங்கேயும் சுனாமிக்குப் பிறகு இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்ற கோரிக்கை எழுந்தது. ஒரே அலை, ஒரே வழக்கம், ஒரே சண்டை.

மார்க்கம் இதைத் தடுக்கிறதா என்று சிலர் கேட்கக்கூடும். பெண்ணின் சொத்து பெண்ணுக்கே என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஓதிக்கொடுக்கிறோம். தடுத்தது மார்க்கமல்ல.

இவ்வளவும் எழுதிவிட்டு சீதன வீட்டை நான் புகழ்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு சாச்சி இருக்கிறார். மூன்று பெண் பிள்ளைகள். மூன்று தரம் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒவ்வொரு பயணமும் ஒரு வீடு. போன ஒரு பயணத்தில் அவருடைய உம்மா மவுத், வர முடியவில்லை. இப்போது முழங்கால் இரண்டும் போய், மூன்றாவது மகளின் வீட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் படுத்திருக்கிறார். மூன்று வீடு கட்டியவருக்கு ஓர் அறை இல்லை. வீடு கட்ட முடியாததால் முப்பத்தைந்து வயதிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களையும் உங்கள் ஒழுங்கைகளில் எண்ணிப் பாருங்கள். போதாததற்குக் கைக்கூலி வேறு.

என் ஒரே மகள் புயலால் இடைநின்ற உயர்தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு இருக்கிறாள். படிக்க வைக்கத்தான் எனக்கு விருப்பம். அதற்குள் கேட்டு வரத் தொடங்கிவிட்டார்கள். முதல் கேள்வி, "வீடு இரிக்கிதானே?" ஒருநாள் சோறு தின்றுகொண்டிருந்தவள் கேட்டாள்: "உம்மா, வீடு தாறது என்ட நல்லதுக்கா, இல்ல மாப்பிள்ளை எடுக்கவா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் தாத்தாவின் முகத்தையும் அந்தச் சாச்சியின் முழங்காலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன சொல்வது? வீடு இல்லாவிட்டால் பெண்ணுக்கு நிற்க இடமில்லை. வீடு கட்டிக் கொடுக்க ஒரு தாயின் ஆயுள் போகிறது. இரண்டும் ஒரே சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமுமாக இருக்கின்றன.

கேட்டு வந்தவர்களில் ஒரு வீட்டார் நல்ல சனம். கைக்கூலி வேண்டாம் என்றார்கள், படிக்கட்டும் என்றும் சொன்னார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: உறுதியை இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள். என் கணவர், "எழுதினா என்ன, ஒத்துமையா இருப்பாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. முடியாது என்றேன். சுனாமி வீட்டில் இருவர் பெயரையும் எழுதக் கேட்ட பெண்களின் பக்கம் நிற்கிறவள், தன் மகளுக்கு என்று வந்ததும் ஒருவர் பெயரே போதும் என்கிறேன். இது முரண்தான் என்று எனக்கே தெரிகிறது. அது ஒன்றுமில்லாமல் போனவர்களுக்கு அரசாங்கம் கொடுத்தது, இது உம்மா வழியில் வந்தது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொள்கிறேன். அந்த நியாயம் நிற்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒன்றை முடித்துவிட்டோம். பேச்சு எங்கே போனாலும் உறுதி முதலில் என்று ஒரு நொத்தாரிசிடம் போனோம். என் வீடு என் பெயரில்தான் இருந்தது, என் உம்மாவின் உள்வளவில் வாப்பா கட்டித் தந்த இரண்டறை வீடு. அதை மகளுக்கு நன்கொடையாக எழுதினேன். "சீவிய உரித்தை நீங்க வெச்சிக்கிங்க, நீங்க இருக்குமட்டும் ஒங்கள ஒருத்தரும் எழுப்பேலாது" என்று நொத்தாரிசு சொல்லித் தந்தார். அந்தச் சாச்சிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உறுதியை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வரியும் விடாமல் கேட்டோம். நன்கொடையை ஏற்றுக்கொண்டதாக மகள் ஒப்பமிட்டாள். அப்போது என் காவின் ஞாபகம் வந்தது. அன்று வாப்பா வலியாக ஒப்பமிட்டார். நான் அறைக்குள் புதுச்சீலையோடு இருந்தேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி அந்தப் பதிவில் மணமகளின் ஒப்பத்துக்கு இடமில்லை. அதையும் மாற்றக் கேட்டு, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு வைத்து, 2018இல் அறிக்கையும் வந்தது. அது வேறொரு நாளுக்கான கதை.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் என் கணவரின் கூட்டாளி. மற்றவர் தாத்தா. நொத்தாரிசு அடையாள அட்டை கேட்டதும், தாத்தா அபாயாவுக்குள் கைவிட்டு ஒரு சிறு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். சுனாமிக்குப் பிறகு எடுத்த அந்த அட்டையை அவர் ஒருநாளும் அலுமாரியில் வைத்ததில்லை. படுக்கும்போது தலையணைக்குக் கீழே இருக்கும்.

"எங்க எழுதணும்?" என்று கேட்டார். காட்டினார்கள். பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும், வாப்பாவின் பெயரோடு சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். மற்றவர்கள் எழும்பிய பிறகும் தாத்தா எழும்பவில்லை. எழுதியது காயட்டும் என்று கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.